திராட்சை மிதந்தால் திருவிழா!

ஃபின்லாந்து என்றால் நமக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, கீழே போட்டாலும் உடையாத நோக்கியா செல்போன். இரண்டு, குளிர். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்குப் போய் ரொட்டி சுடுகிற சாமான்களை வாங்கி வந்து, வீட்டு அடுப்படியிலேயே பீர் போடுகிற நாடு அது. ஒளித்து மறைத்து அல்ல. பாட்டி, பேத்தி, பக்கத்து வீட்டு போலீஸ்காரர் எல்லோருக்கும் தெரிந்தேதான்.

தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டி எஸ்போ என்று ஓர் ஊர். கம்ப்யூட்டர் வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். என் கல்லூரி நண்பனும் பன்னிரண்டு வருடமாக அங்கேதான். ஏப்ரல் கடைசி வாரத்தில் போய் இறங்கினேன். நம் ஊரில் ஏப்ரல் கடைசி என்றால் கத்திரி வெயிலுக்கு ஒத்திகை. அங்கே அப்போதுதான் பனி உருகி, இலை விடலாமா வேண்டாமா என்று மரங்கள் யோசித்துக்கொண்டிருந்தன.

"வா மாப்ளே, கடைக்குப் போய்ட்டு வரலாம். சிமா போடணும்" என்றான் நண்பன்.

"சீமாவா? யாருடா அது?"

"ஆள் இல்லடா, பானம். மே ஒண்ணாம் தேதி இந்த ஊர்ல அது இல்லாம விடியாது."

சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே ஒரு குவியல். எலுமிச்சை, வெள்ளைச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை, உலர்ந்த திராட்சை, ஈஸ்ட். பொங்கலுக்கு நம் ஊரில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாசலுக்கு வந்துவிடுகிற மாதிரி, அங்கே வாப்பு பண்டிகைக்கு இந்த ஐந்தும் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. வாப்பு என்பது மே தினம். தொழிலாளர் தினம், மாணவர் தினம், குளிர்காலத்தை வழியனுப்பும் தினம் எல்லாம் ஒரே நாளில்.

சிமா போடுவது வெந்நீர் போடத் தெரிந்த எவருக்கும் வரும். நண்பன் செய்ததைச் சொல்கிறேன். நாலு லிட்டர் தண்ணீர். இரண்டு சர்க்கரையும் கால் கால் கிலோ. எலுமிச்சை இரண்டு. தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் மெல்லிசாகச் சீவிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிற வெள்ளைத் தோல் கசக்கும், அதைத் தூக்கிப் போட வேண்டும். பழத்தை வட்டமாக நறுக்கி, சர்க்கரையோடு பாத்திரத்தில் போட்டு, பாதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்ற வேண்டும். மீதித் தண்ணீர் பச்சையாக. விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஈஸ்ட். எவ்வளவு? டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் வடிகட்டி பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் நாலைந்து திராட்சையும் போட்டு, மூடியை லேசாக வைத்து ஃபிரிட்ஜில் அடுக்க வேண்டும். திராட்சை முதலில் அடியில் கிடக்கும். சில நாளில் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதக்கும். மிதந்தால் சிமா தயார். காலண்டர் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். திராட்சையே அலாரம்!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்தக் குமிழிகள் திராட்சையின் சுருக்கங்களில் ஒட்டிக்கொண்டு அதை லைஃப் ஜாக்கெட் மாதிரி மேலே தூக்கிவிடுகின்றன. மூடியை ஏன் லேசாக வைக்க வேண்டும் என்பதற்கான காரணமும் இதுதான். போன வருடம் நண்பன் இறுக்கித் திருகிவிட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு டமார்! இரண்டு திராட்சை அவன் வீட்டுச் சமையலறைக் கூரையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவன் மனைவி அதை எடுக்க விடவில்லை. "இருக்கட்டும், ஞாபகத்துக்கு" என்கிறார்.

ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுகிற சிமாவில் ஆல்கஹால் கடுகளவுதான். குழந்தைகளும் குடிக்கிறார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் நம் ஊரில் அண்டாவும் ஈஸ்ட்டுமாகக் கிளம்ப வேண்டாம். 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். திராட்சை மிதக்கும் முன்னால் நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள்.

மே ஒன்றாம் தேதி ஹெல்சிங்கியில் கடலை ஒட்டிய கைவோபுயிஸ்தோ பூங்காவில் கால் வைக்க இடமில்லை. கல்லூரிப் பையன் முதல் கைத்தடித் தாத்தா வரை எல்லார் தலையிலும் வெள்ளைத் தொப்பி. பள்ளி இறுதித் தேர்வில் தேறியபோது போட்ட தொப்பியை ஆயுசு முழுக்கப் பத்திரமாக வைத்திருந்து, வருடா வருடம் இந்த நாளில் எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நம் பிளஸ் டூ மார்க் ஷீட்டை நாம் எங்கே வைத்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். சிமாவுக்குத் தொட்டுக்கொள்ள திப்பாலெய்ப்பா என்று ஒரு பலகாரம். பெயர்தான் அப்படி. மாவை எண்ணெயில் சுற்றிச் சுற்றிப் பிழிந்து எடுத்து, மேலே சர்க்கரைப் பொடி தூவியிருக்கிறார்கள். நம் தேன்குழலுக்கு ஃபின்லாந்து பாஸ்போர்ட்!

சரி, கடையில் நல்ல பீர் கிடைக்காதா, ஏன் வீட்டில் இந்தப் பாடு என்று கேட்டேன். நண்பன் என்னை மறுபடி அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். "இந்த ஷெல்ஃபைப் பாரு. இதுதான் இந்த ஊர் சரித்திரம்" என்றான்.

ஷெல்ஃபில் சரித்திரம் எப்படி என்றால், ஃபின்லாந்தில் 1919 ஜூன் முதல் மதுவிலக்கு. சட்டம் வந்ததும் ஊரே திருந்திவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? கடல் வழியாகக் கள்ளச் சாராயம் வந்தது. டாக்டர் சீட்டு கொடுத்தால் மருந்துக் கடையில் சாராயம் கொடுத்தார்கள், எனவே நாட்டில் திடீரென்று நோயாளிகள் பெருகினார்கள். ஓட்டல்களில் 'கெட்டி டீ' என்று கேட்டால் கோப்பையில் வேறு சமாச்சாரம் வந்தது. பதிமூன்று வருடம் இப்படி ஓட்டிவிட்டு, 1931 டிசம்பர் 29, 30 தேதிகளில் ஜனங்களிடமே வோட்டு கேட்டார்கள். எழுபது சதவீதத்துக்கு மேல் 'போதுமப்பா' என்று குத்திவிட்டார்கள்.

அரசாங்கக் கடைகள் திறந்த நேரம் ஃபின்லாந்துக்காரர்களுக்கு இன்றும் மனப்பாடம். 1932ஆம் வருடம், ஏப்ரல் 5, காலை பத்து மணி. தேதியைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்: 5-4-32, 10 மணி. 5, 4, 3, 2, 1, 0. ராக்கெட் விடுகிற கவுண்ட் டவுன்! அவர்கள் இப்படி முடித்த ஐந்து வருடம் கழித்து, 1937 அக்டோபரில், ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை ஆரம்பித்தார். ஒருவர் வீட்டில் மங்களம் பாடினால் இன்னொருவர் வீட்டில் கணபதி ஹோமம்.

அன்றைக்குத் திறந்த அரசாங்கக் கடைக்கு இப்போது ஆல்கோ என்று பெயர். நம் டாஸ்மாக்கின் ஒன்றுவிட்ட அண்ணன். ஆனால் பளபளவென்று புத்தகக் கடை மாதிரி இருக்கிறது. எந்த மீனுக்கு எந்த ஒயின் என்று ஓர் அம்மா பொறுமையாக விளக்குகிறார். ஸ்ட்ராங்கான சரக்கு எல்லாம் அங்கேதான். மளிகைக் கடையில் பீர் வைக்கவே 1969இல்தான் அனுமதி வந்தது. 2017 வரை 4.7 சதவீதம் என்பது உச்சவரம்பு. 2018இல் 5.5 ஆயிற்று. 2024 ஜூனிலிருந்து புளிக்கவைத்த பானங்கள் 8 சதவீதம் வரை வைக்கலாம். ஒரு நாட்டின் கோபதாபம் முழுவதும் பாட்டில் லேபிளில் தசம புள்ளியாக இறங்கி வந்திருக்கிறது!

வரியும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஐரோப்பிய யூனியனிலேயே பீருக்கு மிக அதிகமாக வரி போடுகிற நாடுகளில் இதுவும் ஒன்று. அதனால் வார இறுதியில் ஹெல்சிங்கி துறைமுகத்தில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எதிர்க்கரையில் எஸ்தோனியாவின் தாலின் நகரம். எண்பது கிலோமீட்டர், கப்பலில் இரண்டு மணி நேரம். போகும்போது கையை வீசிக்கொண்டு போகிறவர்கள், திரும்பும்போது சக்கர வண்டியில் பீர் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கித் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். குருவி வேலை அல்ல, சொந்த உபயோகத்துக்கு!

கப்பல் ஏறக் காசில்லாத வாலிபர்களுக்கு கில்யு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட். அவ்வளவுதான் சார். தானியமும் இல்லை, பழமும் இல்லை. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை மட்டும் போட்டால் போதாது, வேறு சத்தும் வேண்டும். அது கிடைக்காத கோபத்தில் அழுகின முட்டை வாசனையை விடும். இதைச் சட்டம் தடை செய்திருந்தது, பழத்திலிருந்து வீட்டில் ஒயின் போடுவதை மட்டும் விட்டுவைத்திருந்தது. பையன்கள் என்ன செய்தார்கள்? வாளியில் ஓர் எலுமிச்சையை நறுக்கிப் போட்டார்கள். கேட்டால், "ஒயின் போடறோம் சார்!" 2018இல் அரசாங்கமே சலித்துப்போய்த் தடையை எடுத்துவிட்டது. நண்பன் ஆரம்பத்தில் ஒருமுறை குடித்துப் பார்த்திருக்கிறான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "மறந்துடணும்னு நினைக்கறேன்டா, முடியல" என்றான்.

இதே கடையில் மாவு ஷெல்ஃபில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. கரும் பழுப்பு நிறத்தில் மால்ட் பொடி. மால்ட் என்றால் பயப்பட வேண்டாம். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதேதான். அங்கே கேழ்வரகுக்குப் பதில் ரை என்கிற தானியம். அவர்களுடைய கறுப்பு ரொட்டியும் அதில்தான். இந்தப் பொடியில் வெந்நீர் ஊற்றி, சர்க்கரையும் சிட்டிகை ஈஸ்ட்டும் போட்டால் மறுநாளே கோத்திகால்யா தயார். 'வீட்டு பீர்' என்று அர்த்தம். போதை ஏறாது. கிறிஸ்துமஸ் விருந்திலும் கல்யாணப் பந்தியிலும் நம் பானகம், நீர்மோர் மாதிரி ஜாடியில் வைக்கிறார்கள்.

இந்த மால்ட் பொடிக்குப் பேர்போன கம்பெனி லைஹியா என்ற ஊரில் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி ஃபின்லாந்து முழுக்க ஜோக்குகள். எல்லாம் கஞ்சத்தன ஜோக்குகள். கடையில் பீர் வாங்காமல் வீட்டிலேயே போடுவதற்கான பொடி, கஞ்சர்கள் ஊரிலிருந்து வருகிறது. இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியனும் பார்த்துச் சொல்ல முடியாது.

சிமா சிறுவர் வகுப்பு. கோத்திகால்யா நடுநிலைப் பள்ளி. கல்லூரி என்று ஒன்று உண்டு, அதற்குப் பெயர் சாஹ்தி. அதைப் பார்க்க வேண்டுமானால் கிராமத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். நண்பனின் ஆபீஸ் சகா ஒருவர், ஃபின்லாந்துக்காரர், ஆறடி மூன்று அங்குலம், ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவார். "அம்மா சனிக்கிழமை போடுகிறாள். வாருங்கள்" என்றார். நாலு வார்த்தை செலவு!

ஹெல்சிங்கியிலிருந்து லாஹ்தி ரயிலில் ஒரு மணி நேரம். அந்த ஊரில்தான் ஃபின்லாந்தின் ரொட்டி ஈஸ்ட் தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து காரில் வடக்கே போனால் பாய்யன்னே ஏரி. நாட்டிலேயே இரண்டாவது பெரியது. ஹெல்சிங்கி நகரத்துக்கே குடிதண்ணீர் இங்கிருந்துதான். பாறையைக் குடைந்து 120 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் போட்டு, 1982இலிருந்து கொண்டுபோகிறார்கள். வீராணத்துக்காகச் சென்னை எத்தனை வருடம் காத்திருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த நீளத்தின் அருமை புரியும். ஆக, எஸ்போ சமையலறையில் திராட்சை மிதந்ததும் இதே ஏரித் தண்ணீரில்தான்.

அம்மையாருக்கு எழுபத்தாறு வயது. பேத்தி கூப்பிடுகிற மாதிரி நாங்களும் 'மும்மோ' என்றே கூப்பிட்டோம். பாட்டி என்று அர்த்தம். அந்த ஊரில் சார், மேடம் எதுவும் கிடையாது, மந்திரியையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்களைப் பார்த்ததும் மும்மோ கேட்ட முதல் கேள்வி, "கை கழுவியாச்சா?" பேத்திக்கு ஜூன் முதல் சனிக்கிழமை வெள்ளைத் தொப்பி போடுகிற விழா. ஊரைக் கூட்டி விருந்து. அதற்கு இரண்டு வாரம் முன்னால் சாஹ்தி போட்டாக வேண்டும்.

காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. ஒரு பெரிய தொட்டியில் இருபத்தைந்து கிலோ மால்ட். பெரும்பகுதி பார்லி, இரண்டு மூன்று கிலோ மட்டும் ரை. அதில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கிளற வேண்டும். அரை மணி கழித்து அதைவிடச் சூடான தண்ணீர். அப்புறம் இன்னும் சூடாக. இப்படியே மணிக்கணக்கில் படிப்படியாகச் சூட்டை ஏற்றுகிறார்கள். மால்ட்டில் இருக்கிற என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற 65 டிகிரி பக்கம்தான் தோது. ஒரேயடியாகக் கொதிநீரை ஊற்றினால் என்சைம் செத்துப்போகும், கிடைப்பது பீர் அல்ல, களி!

மும்மோவிடம் தெர்மாமீட்டர் கிடையாது. முழங்கையைத் தொட்டிக்கு மேலே காட்டி, ஆவியை வைத்தே சொல்கிறார். பேத்தி எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மும்மோ ஏதோ அதட்டினார். மகன் மொழிபெயர்த்தார்: "போனை வைத்துவிட்டுத் துடுப்பைப் பிடி. படத்தில் சூடு தெரியாது." பெண் போனை வைத்துவிட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. என்னையும் கிண்டச் சொன்னார்கள். பேங்க் பாஸ்புக் தவிர எதையும் தூக்கிப் பழகாத தோள் சார், ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுத்தேன்.

தொட்டியை மூடி வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் சவுனா. மரக் குடிலுக்குள் வெந்து, வெளியே வந்து ஏரியில் விழுகிற அந்த வைபவம் தனிக் கட்டுரை கேட்கும். அந்தக் காலத்தில் முளைகட்டிய பார்லியைச் சவுனாவுக்குள்தான் பரப்பி உலர்த்துவார்களாம். மனிதனையும் மால்ட்டையும் ஒரே அடுப்பில் வாட்டியிருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் கூர்னா வந்தது. ஒரு மரத்தை இரண்டாகப் பிளந்து உள்ளே குடைந்த தொட்டி. நம் ஊர் மாட்டுத் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மும்மோவின் மாமியார் காலத்தது. அடியில் வைக்கோல், அதன் மேல் ஜூனிபர் கிளைகள். பைன் மாதிரி மணக்கிற முள் இலைச் செடி அது. மளிகைக் கடையில் கிடைக்காத ஒரே சாமான். ஃபின்லாந்துக் காட்டில் யார் வேண்டுமானாலும் பழமும் காளானும் பறிக்கலாம், உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கிளையை ஒடிக்க அனுமதி வேண்டும். மும்மோ பக்கத்து நிலத்துக்காரருக்கு வருடத்துக்கு ஒரு பால் கேன் சாஹ்தி கொடுத்து அந்த அனுமதியைப் புதுப்பித்துக்கொள்கிறார். ஸ்டாம்ப் பேப்பர் கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது.

கலவையைக் கூர்னாவில் ஊற்ற, ஜூனிபர் வடிகட்டி வழியாகத் தேநீர் நிறத்தில் சாறு இறங்கியது. ஒரு கரண்டி கொடுத்தார்கள். கருப்பட்டிப் பாகில் ரொட்டியை ஊறவைத்த மாதிரி அப்படி ஓர் இனிப்பு. மிஞ்சிய சக்கை பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குப் போயிற்று. சாறு ஆறியதும் மும்மோ ஏப்ரன் பையிலிருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்தார். சாதாரண ரொட்டி ஈஸ்ட், 50 கிராம். மளிகைக் கடையில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் கிடப்பது. பெரிய கம்பெனிகள் தங்கள் பீருக்கென்று தனி ஈஸ்ட் இனங்களை லேபரட்டரியில் வைத்துப் போற்றி வளர்க்கின்றன. இங்கே கிளாஸ் வெதுவெது சாறில் கரைத்து ஊற்றினார், முடிந்தது கும்பாபிஷேகம்.

ஈஸ்ட்டைத் தேடுகிற கதை அவர்களுடைய காவியத்திலேயே இருக்கிறது என்றார் ஆறடிக்காரர். (சவுனாவுக்குப் பிறகு அவருக்குப் பேச்சு சரளமாக வந்துவிட்டது.) நாட்டுப் பாடல்களைத் தொகுத்து எலியாஸ் லோன்ரூத் 1835இல் வெளியிட்டு, 1849இல் விரிவாக்கிய கலேவலா என்ற நூல் அது. கல்யாண விருந்துக்கு பீர் போடுகிறாள் ஓஸ்மோதார் என்ற பெண். பார்லி, தண்ணீர் எல்லாம் இருக்கிறது, பொங்க மாட்டேன் என்கிறது. அணிலை அனுப்பி ஊசியிலை மரத்துக் காய்களைக் கொண்டுவரச் சொல்கிறாள், பலிக்கவில்லை. இன்னொரு காட்டுப் பிராணியை அனுப்பிக் கரடி வாயிலிருந்து நுரையைக் கொண்டுவரச் சொல்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் தேனீ கொண்டுவந்த தேன் பட்டதும் பொங்கி வழிகிறது. கையில் கிடைத்ததைப் போட்டுப் பார்ப்பது இந்த ஜனங்களுக்குக் காவிய காலத்துப் பழக்கம்!

அன்றைய சாஹ்தியைக் குடிக்க இரண்டு வாரம் ஆகும். வாப்புவுக்குப் போட்டதில் மிச்சம் ஃபிரிட்ஜில் இருந்தது. ஹாரிக்கா என்ற இரண்டு கைப்பிடி மரக் குவளையில் ஊற்றி, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வாய் குடித்துக் கைமாற்றினார்கள். கலங்கலாக, நுரையே இல்லாமல், கெட்டியாக இருந்தது. வாயில் வைத்ததும் திடுக்கிட்டேன். மலை வாழைப்பழ வாசனை! பின்னாலேயே கிராம்பு. பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. ரொட்டி ஈஸ்ட் வேகமாகப் பொங்கும்போது அதுவே உண்டாக்குகிற வாசனைகள். வாழைப்பழத்தில் இருக்கிற அதே ஐசோஅமைல் அசிடேட். இனிப்பாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது, 8 சதவீதம் போல ஆல்கஹால். நண்பன் இரண்டாவது சுற்றிலேயே என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

அடியில் லேசான புளிப்பு இருந்தது. "போகப் போகிறது. அடுத்த வாரம் மாட்டுக்குக்கூட ஆகாது" என்றார் மும்மோ. இதுதான் சாஹ்தியின் ஜாதகத்தில் இருக்கிற கண்டம். மற்ற பீர்களைப் போல இதன் சாற்றை முழுக்கக் கொதிக்கவைப்பது கிடையாது. பீரைக் கெடாமல் காக்கிற ஹாப்ஸ் பூவையும் போடுவதில்லை, போட்டாலும் பேருக்குத்தான். அதனால் குளிரில் வைத்தால் சில வாரம், வெளியில் வைத்தால் சில நாள். நம் இட்லி மாவு கதைதான்.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். மால்ட் இருபத்தைந்து கிலோ, ஈஸ்ட் ஒரு கட்டி, விறகு, ஜூனிபர். சுமார் 50 லிட்டருக்கு சாமான் செலவு ஒன்றும் பெரிதில்லை, கடை பீரைவிட மலிவு. அப்புறம் கூலியைச் சேர்த்தேன். காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு வரை ஒருவர், கூட இரண்டு கைகள். ஃபின்லாந்துக் கூலி ரேட்டில் போட்டால் ஸ்காட்ச் விஸ்கி மலிவாகத் தெரிகிறது! இவ்வளவு விலை வைத்து, மூன்று வாரத்தில் புளித்துப்போகிற சரக்கை எந்த முதலாளி கடை கடையாக அனுப்புவான்? சில சிறு ஆலைகள் துணிந்து செய்கின்றன. லம்மி என்ற ஊரில் 1985இலிருந்து ஒன்று இருக்கிறது. 2018 சட்டத்துக்குப் பிறகு சிறு ஆலைகள் தங்கள் வாசலிலேயே விற்கலாம். ஆனாலும் லாரியில் ஏற்றி உலகம் சுற்றுகிற பொருள் இல்லை இது.

மும்மோவின் கூலியை அந்தக் கணக்கில் எழுதாதவரை மட்டும்தான் சாஹ்தி கட்டுப்படியாகிறது. பேத்திக்கு விழா, மகனுக்குக் கல்யாணம், ஊரில் ஒரு சாவு. அதற்காக ஒரு நாள் முதுகு ஒடிய நிற்கிற ஒருத்தர் வீட்டில் இருக்கும்வரை இது இருக்கும். பதிமூன்று வருட மதுவிலக்கு இதை ஒழிக்கவில்லை. எத்தனை பெரிய பீர் கம்பெனிகள் வந்தும் ஒழிக்கவில்லை. 'நமக்கெதுக்கு இந்த வேலை, கடையில் வாங்கிக்கலாம்' என்று பேத்தி ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு முடிந்தது.

இது அங்கே இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, பீரைப் பற்றியே எழுதிப் பெயர் வாங்கிய இங்கிலாந்துக்காரர், 2007இல் காலமானார்) சாஹ்தியைப் பற்றி எழுதி வெளியுலகத்தின் கண்ணில் காட்டினார். 2002இல் ஐரோப்பிய யூனியன் அந்தப் பெயருக்கும் செய்முறைக்கும் பாதுகாப்பு கொடுத்தது. வருடா வருடம் வீட்டில் போடுகிறவர்களுக்குத் தேசிய அளவில் போட்டி நடக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் தொட்டியில் துடுப்புப் போட சர்ட்டிஃபிகேட் வராது.

கிளம்பும்போது பேத்தியிடம் கேட்டேன், படிக்கப் போகிற ஊரில் சாஹ்தி போடுவாயா என்று. "ஹாஸ்டல்ல தொட்டி வைக்க விடமாட்டாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "லீவுக்கு வரும்போது போடணும். ஆவி எப்போ சரியா இருக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடல. ரெண்டு மூணு வருஷமாவது பாட்டிகூட நிக்கணும்" என்றாள். மும்மோவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன சொன்னாள் என்று மகனைக் கேட்டார். அவர் சொன்னதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், மால்ட் வாங்கிய சாக்கை உதறி மடித்து வைத்தார்.

ஃபின்லாந்து போகிறவர்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் கடைசிக்குள் போங்கள். வாப்பு, தொப்பி விழா, நடுக்கோடைப் பண்டிகை என்று வரிசையாக விசேஷங்கள். சிமா எந்தக் கடையிலும் கிடைக்கும். சாஹ்தியை லாஹ்தி பக்கம் விசாரித்தால் ஒன்றிரண்டு இடங்களில் காசுக்கே கிடைக்கும். ஆனால் அதை ஊருக்கு வாங்கி வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் வெயிலைப் பார்த்ததும் மீனம்பாக்கத்திலேயே புளித்துவிடும். யார் வீட்டிலாவது விசேஷமா என்று விசாரியுங்கள். கையைக் கழுவிக்கொண்டு போங்கள். துடுப்பைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தைலத்தை மறக்காமல் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்!